நீண்ட கை

அறுபத்தெட்டில் பள்ளத்தூர்ப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று, பெண்மையின் சின்னமாக ஒரு வெண்கலச் சிலை கேட்டது. சிலை வார்க்கும் காரைக்குடி ஆண்டியப்ப ஆசாரி, தன் மனைவி நாகவல்லியை நிற்கவைத்து, கைகூப்பிய பெண்ணை மெழுகில் பிடித்தார். வெண்கலம் உருகும்போது அவளுடைய தாலியைக் கேட்டார்.

“சாமி சிலைக்குத்தான பொன்னு போடுவாக? இது பொம்பள சிலைதான?”

“கழட்டு. ஒனக்கு மஞ்சக்கயிறு போதும்.”

தாலி வெண்கலத்தோடு கரைந்தது. மூன்றாம் நாள் மண் அச்சை உடைத்தார். எல்லாம் மெழுகில் பிடித்தபடியே இருந்தது. வலக்கை மட்டும் முன்னால் நீண்டு, உள்ளங்கை விரிந்திருந்தது. கையை அறுத்துவிட்டு மறுபடி வார்த்தார். மறுபடியும் நீண்டது.

திறப்பு விழாவில் பேசியவர், “வாரி வழங்கும் கை! பெண்மைக்கு இதைவிடச் சிறந்த சின்னம் உண்டா?” என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆண்டியப்பன், தன் மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

கூலி வந்ததும் புதுத் தாலி செய்தார். நாகவல்லி கழுத்தை நீட்டவில்லை.

“எனக்கு எதுக்கு? கேட்டுக்கிட்டு நிக்கிறவ அவதான, அவகிட்டயே குடுங்க.”

மறுநாள் காலை ஆண்டியப்பன் பள்ளத்தூருக்கு பஸ் ஏறிப்போய், யாரும் பார்க்காதபோது அந்தக் கையில் தாலியை வைத்தார். பத்தடி நடந்திருப்பார். பின்னால் பொன் தரையில் விழும் சத்தம் கேட்டது.

தாலி பீடத்தடியில் கிடந்தது. கை நீண்டபடியே இருந்தது.