மண்ணில் வைத்த காது

துரத்தப்பட்ட நரி வளைக்குள் புகுந்துவிட்டால், அதன் பிறகு வேட்டை சடையன் கையில். தன் குட்டைநாய் பூச்சியை உள்ளே அனுப்பிவிட்டு, தரையில் காதை வைத்து, அது உறுமும் இடத்தை அவன் காட்ட வேண்டும். அங்கே தோண்டி நரியை இழுத்து, காத்திருக்கும் பெரிய நாய்களின் நடுவே உயிரோடு எறிவார்கள். இன்றும் குப்புறப் படுத்திருந்தான். நரி மூத்திர வாடை மூக்கில் ஏறியது. குதிரைமேல் அமர்ந்து முதலாளி உரித்த அவித்த முட்டையின் ஓடுகள் அவன் முதுகில் உதிர்ந்தன.

மண்ணுக்கடியில் பூச்சியின் உறுமல் கேட்டது. அதற்கும் கீழே பால்குடி மாறாத குட்டிகளின் சிணுங்கல்கள் மூன்று. பிறகு இரண்டு.

“என்னடா, தூங்கிட்டியா? எங்க தோண்டணும்?”

சடையன் மண்ணிலிருந்து காதை எடுத்தான். கோழிக்குஞ்சுகளைக் குழாய்க்குள் விட்டுப் பூச்சியைப் பழக்கியவன் அவன்தான்.

“உள்ள ஒண்ணுமில்லீங்கய்யா. நரி வேற வழியா ஓடிப்போச்சு.”

முதலாளி கடிவாளத்தைத் திருப்பினார். அப்போது வளைவாயில் மண் சரிந்தது. பூச்சி வாலாட்டியபடி வெளியே வந்து, கண் திறக்காத ஒன்றை அவன் உள்ளங்கையில் பதமாக வைத்தது. அது இன்னும் சூடாக இருந்தது.

“ஒன்னவிட ஒன் நாய் விசுவாசமா இருக்குடா,” என்று சிரித்த முதலாளி மண்வெட்டி கொண்டுவரச் சொன்னார்.

பூச்சி தலையை நிமிர்த்திக் காத்திருந்தது. வேலையைச் சரியாக முடித்த நாயைத் தட்டிக்கொடுக்காவிட்டால், அடுத்த முறை அது உள்ளே இறங்காது என்பது சடையனுக்குத் தெரியும்.