புதுக் குவார்ட்டர்ஸில் வெள்ளம்

தண்ணீர் வராத குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூட மறந்தவன் சாமிக்கண்ணுதான். இப்போது சக்கரபாணியின் புதுக் குவார்ட்டர்ஸ் தரையெங்கும் தண்ணீர். அதில் சன்னல் வெயில் மிதக்கிறது. “வுடுண்ணே, காய்ஞ்சிடும்” என்று சிரித்தபடி சக்கரபாணி ஷிப்டுக்குப் போகிறான். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துத்தான் சாமிக்கண்ணுவுக்கு எரிகிறது. சக்கரபாணி சுரங்கத்தில் பர்மனென்ட், தலைக்கு மேல் ஃபேன், போதாததற்கு வீரம்மாளுக்கு முறைமாப்பிள்ளை. இதே வீட்டுக்கு கான்ட்ராக்டில் செங்கல் சுமந்த சாமிக்கண்ணு, அவளைக் கட்டியவன் என்ற ஒரே பதவியோடு, பெருமைக்குப் போட்டு வந்த துண்டால் தரையைத் துடைக்கிறான். ஃபேன் காற்றில் வீரம்மாளின் நெற்றிமுடி பறக்கிறது. அதற்கும் எரிகிறது. “இவனையே கட்டிகினு இருக்கலாம்னு தோணுதா?” என்று கேட்டுவிடுகிறான். “தோணுச்சு. குழாயில தண்ணி கொட்டறதப் பாத்ததும் தோணுச்சு. நீ மண்டிபோட்டுத் தொடைக்கறதப் பாத்ததும் பூடுச்சு. துண்டக் குடுய்யா, நான் புழியறேன்.”