நாலாயிரத்துச் சொச்சம் படங்கள்

எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டெலிட் அழுத்தினாள்.

நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். ஒரு நிமிடத்தில் காலி. கம்ப்யூட்டரின் இரைச்சல் கொஞ்சம் அடங்கியது.

மூன்று மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்க வேண்டும். நேற்று பாடத்தின் நடுவிலேயே திரை நின்றுவிட்டது. இடம் இல்லை, இடம் இல்லை என்று ஒரு வாரமாகவே கம்ப்யூட்டர் புலம்பிக்கொண்டிருந்தது.

காரணம் அந்த ஆப். அவள் புருஷன் செல்வின் ஷார்ஜாவுக்குப் போகும் முன் அவனே போட்டுவைத்தது. அங்கே அவன் போனில் எடுக்கும் படமெல்லாம் இங்கே தூத்துக்குடியில் வந்து இறங்கிவிடும்.

அதை நீக்கிவிடுவது என்று முடிவு செய்தாள். நீக்கும் முன் உள்ளே இருந்ததைக் காலி செய்தாள். பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதிது வாங்கும்போதுகூடக் கழுவித் துடைத்துக் கொடுக்கிறவள்.

முதலில் ஆப்பை நீக்கியிருக்க வேண்டும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. புருஷனே ஆனாலும் அடுத்தவர் போன் அடுத்தவர் போன்தான்.

ஐந்து நிமிடத்தில் அவன் கூப்பிட்டான்.

வேலை நேரத்தில் கூப்பிடுகிறவன் அல்ல. கட்டுமானக் கம்பெனி ஆபீஸில் வரைபடம் போடும் வேலை. பகலில் போனைத் தொட விடமாட்டார்கள் என்று சொல்லியிருந்தான்.

"ஏட்டி, போட்டோவ எல்லாம் அழிச்சியா?"

"ஆமாங்க. எடமே இல்ல. ஏன், அங்கயும் போயிட்டா?"

அவனுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எதையும் பாத்தியா?"

"இல்லியே."

"சரி. நீ ஒண்ணையும் தொடாத. நான் பொறவு பாத்துக்கிடுதேன்."

வைத்துவிட்டான்.

ஏன் அழித்தாய் என்று கத்தியிருந்தால் வாங்கிக்கட்டிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பாள். பாத்தியா என்று கேட்டானே, அதுதான் உறுத்தியது.

எதிர்வீட்டு ஜெசிந்தாவின் கதை தெருவுக்கே தெரியும். வளைகுடாவுக்குப் போன அவள் புருஷனுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருப்பது ஒரு போட்டோவில்தான் வெளிவந்தது.

பயந்தாள். யாரென்று தெரியாத ஒருத்தியின் முகத்தை மனதுக்குள் வரைந்துகூடப் பார்த்துவிட்டாள். நல்ல நிறமாகத்தான் வந்தது.

அழித்தவை முப்பது நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும் என்று ஆப்பே சொன்னது.

திறந்தாள்.

ஒரு கதவு. மூடிய கதவு. கீழே மிதியடிமேல் ஒரு காகிதப் பை.

அடுத்ததும் கதவு. இன்னொரு பை.

நீலக் கதவு. சிங்கத் தலைப் பிடி வைத்த கதவு. குழந்தை சைக்கிள் சாத்தியிருந்த கதவு. எல்லாவற்றின் முன்னும் ஒரு பை. ஒன்றில்கூட ஆள் இல்லை.

கதவுக்குப் பின்னால் இருக்கிறவளைத் தேடியே அறுபது, எழுபது படம் தாண்டினாள்.

பிறகு ஒரு லிஃப்ட்டின் கண்ணாடி. அதில் செல்வின்.

தலையில் ஹெல்மெட். முதுகில் மீன் பெட்டி அளவுக்குச் சதுரமான பை. கையில் சாப்பாட்டுப் பொட்டலம். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

கை தவறி எடுத்த படமாக இருக்க வேண்டும். அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

கதவுப் படங்களில் மிகப் பழையதின் தேதியைப் பார்த்தாள். அக்டோபர் பதினொன்று. ஆபீஸில் கண்டிப்பு என்று சொல்லி, பகலில் வீடியோவில் வருவதை அவன் நிறுத்திய வாரம்.

முதலில் வந்தது சிரிப்புதான். பொம்பளை இல்லை. மாதா காப்பாற்றினாள்.

பிறகு சிரித்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

எட்டு மாதம். ஞாயிறுதோறும் இஸ்திரி போட்ட சட்டையில் திரைக்கு முன் வந்து உட்கார்ந்து, மேனேஜரைப் பற்றிக் குறை சொன்னான். இல்லாத மேனேஜர். இப்படிக் கறுத்துட்டீங்களே என்று ஒருமுறை கேட்டதற்கு, ரூமில் லைட் சரியில்லை என்றான். லைட்டை மாற்றச் சொல்லி அவள் சண்டை போட்டாள்.

கூப்பிட்டுக் கேட்கலாம்.

கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரவும் மாட்டான். அவனை அவளுக்குத் தெரியும்.

சாமான் வரவில்லை என்று யாராவது புகார் சொன்னால், வைத்துவிட்டுத்தான் வந்தேன் என்பதற்கு அவனிடம் இருக்கும் சாட்சி இந்தப் படங்கள்தான். அவள் வீட்டு வாசலிலும் டெலிவரிப் பையன்கள் அப்படித்தான் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

எல்லாவற்றையும் மறுபடி தேர்ந்தெடுத்தாள். ரீஸ்டோர்.

கதவுகள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்துக்குத் திரும்பின. இருபது நிமிடம் ஆனது. அவள் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் அவன் கணக்கைத் துண்டித்தாள். இனி இந்தக் கம்ப்யூட்டருக்கு எந்தப் படமும் வராது, சம்மதமா என்று கேட்டது. சம்மதம். கடைசியாக ஆப்பை நீக்கினாள். இந்த முறை வரிசை சரியாக இருந்தது.

போனை எடுத்து அவனுக்கு எழுதினாள். 'எல்லாம் திரும்ப வந்துட்டு. ஆப்ப எடுத்துட்டேன். நான் ஒண்ணும் பாக்கல.'

'சரி' என்று வந்தது.

'வெயில்ல' என்று தொடங்கினாள். அழித்தாள்.

'சாப்டாச்சா?'

'ஆச்சு. ஆபீஸ் கேன்டீன்ல.'

'என்ன கொழம்பு?'

டைப் செய்கிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

மூன்று மணி. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரையில் வந்து, குட் ஆஃப்டர்நூன் மிஸ் என்றார்கள்.

அவள் போனைக் கீழே வைக்கவில்லை.