தலைப்புக்குப் பின்னால் ஒரு பொத்தான்

பொத்தானைக் காணோம்.

"பேரு பதியுற எடமே இல்லம்மா. வானம் கறுத்துட்டு வருது. நெல்லு பூரா களத்துல கெடக்கு" என்றார் போனில் ரெங்கசாமி. நீடாமங்கலம் பக்கத்து உழவர் குழுவின் செயலாளர்.

குழுவிடம் இருப்பது ஒரே ஒரு நெல் உலர்த்தும் இயந்திரம். யாருக்கு எப்போது என்று கைபேசியிலேயே பதிந்துகொள்ள நான்தான் செயலி செய்து கொடுத்திருந்தேன். காலையில் அதன் தலைப்பைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். வேறெதையும் தொடவில்லை.

திரைகளை வரைய நான் பயன்படுத்துவது ஓர் இலவசக் கருவி. பொத்தான், பெட்டி, படம் எல்லாவற்றையும் மவுஸால் இழுத்து வேண்டிய இடத்தில் வைக்கலாம். நிரலை அதுவே எழுதிக்கொள்ளும். சில சமயம், சேமித்ததும் வைத்தது நகர்ந்துவிடும். எனக்குப் பழகிவிட்டது. மூடித் திறப்பேன். அழித்துவிட்டு மறுபடி வைப்பேன். அதட்டியும் பார்த்திருக்கிறேன்.

இன்று எதுவும் பலிக்கவில்லை. புதிதாக வைத்த பொத்தானும் சேமித்த மறுகணம் மறைந்தது.

ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது.

கருவியைச் செய்தவரின் எண் அதன் உதவிப் பக்கத்தில் இருந்தது. உபைதுல்லா, கூத்தாநல்லூர். இத்தனை நாளும் யாரோ வெளிநாட்டுக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

நான் படபடவென்று சொன்னதை அவர் நிதானமாகக் கேட்டார்.

"திரையை விடுங்க. வலது பக்கம் எண்கள் இருக்குல்ல, அதைப் படிங்க."

எது எங்கே தொடங்குகிறது, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம். ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"உங்க குழுவோட படம் ஓரத்துல லேசா வெட்டுப்பட்டுத் தெரியுமே?" என்றார் நடுவில்.

பார்த்தேன். வெட்டுப்பட்டுத்தான் இருந்தது. அதைச் செய்த நானே கவனித்ததில்லை. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

"பொத்தான் எங்கயும் போவல. தலைப்புக்குப் பின்னாடி நிக்குது. மவுஸால இழுத்தா கருவி அதை அங்கயே தள்ளிடுது. தப்பு என்னோடது, சரி பண்ணிடுறேன். இப்போதைக்கு நான் சொல்ற எண்ணை அப்படியே தட்டுங்க."

தட்டினேன். பொத்தான் வந்து நின்றது. சேமித்தேன். நகரவில்லை.

சற்று நேரத்தில் பெயர்கள் வரத் தொடங்கின. அமிர்தம். ஐயாவு. வைத்தியலிங்கம். மழை பிடிப்பதற்குள் முதல் நடை நெல் இயந்திரத்துக்குள் போய்விட்டது என்று ரெங்கசாமி கத்திச் சொன்னார்.

நன்றி சொல்ல உபைதுல்லாவை வீடியோவில் அழைத்தேன். அவர் காது மட்டும் தெரிந்தது. கைபேசியைக் காதோடு வைத்திருந்தார்.

"அண்ணே, இங்க பாருங்க" என்று கேமராவை மடிக்கணினிக்கு நேராகப் பிடித்தேன்.

பின்னாலிருந்து அவர் மனைவி சிரிப்பது கேட்டது.

"அவருக்குப் பொறந்ததுலேருந்தே பார்வை கெடையாதும்மா. நீ வாயால சொல்லு, கேட்டுக்குவாரு."

கேமராவைத் தாழ்த்தினேன்.

"சொல்லுங்க, எப்படி வந்திருக்கு?" என்றார் அவர் ஆவலாக.

திரையின் மேல் ஓரத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.