மதினியோடு தட்டாமாலை

குற்றாலத்தில் சீசனுக்கு எடுத்த வீட்டின் மொட்டைமாடியில் சாரல் பொடியாக விழுகிறது. நீலா தன் பருத்த மதினி ருக்மிணியின் கைகளைக் குறுக்காகப் பிடித்துத் தட்டாமாலை சுற்றுகிறாள். நாளை அருவிக்கரையில் வைத்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பம்பாய்க்குப் போய்ப் பாதியில் நிற்கும் ஆராய்ச்சியை முடிக்க வேண்டுமென்றால் இன்று தென்காசியில் சாயங்கால ரயிலைப் பிடித்தாக வேண்டும். அவள் பெட்டியை அண்ணன் உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டான். சாவி மதினியின் இடுப்பில் தொங்குகிறது. “பாத்தியளா, நீங்க நின்ன இடத்துலயே திரும்புதிய. நான்தான் மாடி பூரா ஓடுதேன். பெருசும் சிறுசுமா ரெண்டு கருந்துளை சுத்துனா இப்படித்தான்.” “ஏட்டி, என்னையப் பாத்தா உனக்குக் கருந்துளையாவா தெரியுது?” மதினியின் சிரிப்பில் வளையல்கள் குலுங்குகின்றன. சுற்றச் சுற்ற அந்தக் கருந்துளைகளிலிருந்து ஈர்ப்பு அலை கிளம்பும், அலையோடு தெம்பும் போகும், அதனால் இரண்டும் நெருங்கும், நெருங்க நெருங்க வேகம் கூடும் என்று நீலா மூச்சிரைக்கச் சொல்கிறாள். அந்த அலை எப்படி ஏறி எப்படி அடங்கும் என்பதுதான் அவள் முடிக்க வேண்டிய கணக்கு. “கடைசில என்னட்டி ஆகும்?” “சிறுசு பெருசுக்குள்ள போயிரும். கொஞ்ச நேரம் அதிர்ந்துட்டு, அலையும் நின்னுரும்.” மதினியின் சிரிப்பு நிற்கிறது, சுற்றும் நிற்கிறது. கீழே தெருவில் பஸ் வந்து நிற்க, கண்டக்டர் “தென்காசி, தென்காசி” என்று கூவுகிறார். “கைய விடுங்க மதினி.” ருக்மிணி குனிந்து இடுப்புச் சாவியைப் பார்க்கிறாள், பிறகு பஸ்ஸைப் பார்க்கிறாள். “விட்டா நீ போயிருவியே” என்கிறாள் மெதுவாக. ஈரக் கைகளின் பிடி இன்னும் இறுகுகிறது.