சிலுவைமுத்து போட்ட கணக்கு

“எண்பதாயிரம் போச்சு. இன்னும் எதுக்குங்க அந்தப் படிப்பு?” என்றாள் லீமா.

சிலுவைமுத்து போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மரக்காணம் உப்பளத்து மோட்டார் கொட்டகையில் ஆறு மாதமாக இதே வேலை. பாடம் பார்ப்பது, நோட்டில் எழுதுவது.

பங்குச் சந்தையில் ஆப்ஷன் என்று ஒன்று உண்டு. பங்கு ஏறினால் லாபம், ஏறாவிட்டால் போட்ட பணம் அத்தனையும் போகும். “கண்ண மூடிக்கிட்டு வாங்குடா” என்று சொன்னவன் பெஞ்சமின், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. புது மோட்டாருக்கு வைத்திருந்த பணம் ஒரே வாரத்தில் காலி.

அன்றிலிருந்து பெஞ்சமின் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. காலைப் பூசையை விட்டுச் சாயங்காலப் பூசைக்கு மாறிக்கொண்டான். சிலுவைமுத்துவுக்குப் பணம் போனதைவிட அதுதான் வலித்தது.

“மறுபடியும் பணத்தப் போடப் போறீங்களா?”

“இல்ல. ஆப்ஷனுக்கு எவ்ளோ குடுக்கலாம்னு ஒரு கணக்கு இருக்குது. எல்லாம் நிகழ்தகவுதான். உப்பு வாரி முடிக்கறதுக்குள்ள மழை வருமான்னு நாம பாக்கறதில்ல? அதையே சூத்திரம் போட்டுப் பாக்கறாங்க.”

“பாத்து?”

“நாம குடுத்த வெல சரின்னா, நம்ம நேரம். இல்லன்னா பெஞ்சமின் தப்பு.”

“தப்புன்னு வரட்டும். நானே போயி அவரக் கேக்கறேன்.”

நாலு நோட்டு தீர்ந்தபோது விடை வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசை முடிகிற நேரத்துக்குக் கோயில் வாசலில் போய் நின்றான். இவனைப் பார்த்ததும் பெஞ்சமின் செருப்பைக்கூட மாட்டாமல் நழுவப் பார்த்தான்.

“டேய், நில்லு. கணக்குப் போட்டுட்டேன். நாம குடுத்த வெல சரிதான். பங்கு ஏறல, அவ்ளோதான். உன் மேல தப்பில்ல.”

“நெசமாவா?”

“ஆறு மாசம் படிச்சிருக்கேன்டா.”

பெஞ்சமின் வாசலென்றும் பார்க்காமல் அழுதுவிட்டான். அப்படியே வீட்டுக்கு வந்து, மீன்குழம்பை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். லீமாவும் முகம் கோணாமல் பரிமாறினாள். கணக்கே சரி என்ற பிறகு அவளுக்கு என்ன சண்டை?

“வர்ற வாரம் காலைப் பூசைக்கே வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தெரு முனை தாண்டியதும், சிலுவைமுத்து நோட்டின் கடைசிப் பக்கத்தைச் சுக்குநூறாகக் கிழித்தான்.

“கஷ்டப்பட்டுப் போட்ட கணக்க ஏங்க கிழிக்கறீங்க?”

“முப்பது ரூபா பொருளுக்கு நூறு ரூபா குடுக்க வெச்சிருக்கான். அது அவன் கண்ணுல பட்டுடக் கூடாது.”