அட்டைக்கடி

கால் துடைக்கப் போர்வையை விலக்கிய பவுனுத்தாயி அப்படியே நின்றுவிட்டாள். ஐயாவின் கால் விரலிடுக்கில் ஓர் அட்டை ரத்தம் குடித்து ஊதிக் கிடந்தது. தேயிலை கிள்ளிக் காய்த்துப்போன கைக்காரி அவள், அட்டையை அவளுக்குத் தெரியும். ஈரப் புல்லில் நடக்கிற காலைத்தான் அது பிடிக்கும். ஐயாவுக்கோ இடுப்புக்குக் கீழே உயிரில்லை என்றுதான் இந்த ஒற்றை மலைவீட்டில் அவளைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவரைப் புரட்டிப் புரட்டி அவள் இடுப்பும் போயிற்று. மழை பிடித்ததிலிருந்து அவள்கூட வாசல் இறங்கவில்லை.

மகளுக்குத் தலைப்பிரசவம், போய்விட்டு வருகிறேன் என்று முந்தாநாள்தான் கெஞ்சினாள். "உம் மக பெத்துப் பொழச்சுக்குவா தாயி. என்னைத் தூக்கி உக்கார வைக்க யாரு இருக்கா?" என்று அழுதார். கட்டிய பையை அவளும் ஓரமாக வைத்துவிட்டாள்.

"ஐயா, கட்டிலுக்கு இது எப்படிங்க வந்துச்சு?"

"எது தாயி? கால்ல ஊசி குத்துனாக்கூட எனக்குத் தெரியாதே" என்று சிரித்தார்.

அவள் உப்புக் கிண்ணத்தை எடுத்துவந்து, கட்டிலிலிருந்து எட்டாத ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"அட்டைக்கு உப்பு அங்க இருக்கு. எந்திரிச்சுப் போய்ப் போட்டுக்குங்க. நான் எம் மககிட்டப் போறேன்."

பையோடு வாசலுக்கு வந்தாள். கதவு பூட்டியிருந்தது. சாவி மாட்டுகிற ஆணி வெறுமையாக இருந்தது. அவளே எக்கித்தான் எடுக்கவேண்டிய உயரம் அது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.